அச்சில் படிந்த மங்கல்

மலைநாட்டில் ஃபைபர் வேலை செய்கிறவனுக்குப் பனிமூட்டம்தான் முதல் எதிரி. அதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு பழைய உர ஸ்டோரை வாடகைக்கு எடுத்துப் படகு செய்துவந்தேன். நீர்த்தேக்கத்தில் சுற்றுலா வருகிறவர்கள் மிதித்து ஓட்டுகிற சிறிய படகுகள். அச்சின் உட்புறம் மெழுகு பூசி, அதன் மேல் ரெசின் என்கிற பிசினும் கண்ணாடி நாரும் வைத்து, இறுகியதும் கழற்றுவோம். அச்சு பளபளப்பாக இருந்தால் படகும் பளபளக்கும். என் அச்சு சில மாதங்களாக மங்கிக்கொண்டே வந்தது. வாயால் ஊதிய கண்ணாடி போல வெள்ளையாக ஒரு படலம்.

கஜேந்திரன் என் மனைவி வினோதாவின் தம்பி. கட்டாரில் இதே வேலை பார்த்துவிட்டு வந்து என்னிடம் சேர்ந்தான். கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். படகு எடுக்க ஹட்டனிலிருந்து வந்த இல்ஹாம் முதலாளி மங்கலைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். பனிமூட்டம் என்றேன். கஜேந்திரன் சிரித்தான்.

“மூட்டமும் இல்ல ஒன்னும் இல்லங்க மொதலாளி. மச்சான் பழைய மெழுகக் கழுவாம மேலுக்கு மேல பூசுறாரு. அது படிஞ்சுதான் மங்குது.”

இல்ஹாமும் சிரித்தார். “அப்ப இனி நீங்களே செய்ங்க தம்பி” என்றார். என் பட்டறையில், என் முன்னால். நான் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. மூட்டம்தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் ஜன்னல்களைப் பொலித்தீனால் ஒட்டினேன். காற்றாடி ஓட்டையில் சாக்கை அடைத்தேன். மெழுகை வழக்கம்போல் நானே பூசினேன், கழுவவில்லை. ரெசின் வைக்க மட்டும் அவனை உள்ளே விட்டேன்.

“ரெசின் ஆவி தலைக்கு ஏறுது மச்சான், மூச்சு முட்டுது” என்று அவன் அடிக்கடி கதவைத் திறந்தான். திறக்கும்போதெல்லாம் மூட்டம் உள்ளே நுழைந்தது. வேலை முடிகிற நேரத்தில் சோதனை கெட்டுவிடுமே. வெளியே பூட்டுப் போட்டேன்.

தட்டினான். பிறகு பலமாகத் தட்டினான். அப்போதுதான் வினோதா ரொட்டி கொண்டுவந்தாள்.

“உள்ள என்னங்க சத்தம்?”

“ஒன் தம்பி அச்சக் கழட்டுறான். தட்டித்தானே கழட்டணும்?”

“ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டுப் போனாள்.

நான் கதவருகே உட்கார்ந்திருந்தேன். சத்தம் குறைந்தது, பிறகு நின்றது. வேலையில் மூழ்கிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ரெசின் இறுகட்டும் என்று காத்திருந்தேன்.

பின்னேரம் வினோதாதான் ஆட்களைக் கூட்டிவந்து கதவை உடைத்தாள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவன் கதவோரமாக, கையை நிலைச்சட்டத்தில் வைத்தபடி கிடந்தான். அவனைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை.

படகைக் கழற்றிப் பார்த்தீர்களாம், அதுவும் மங்கலாகத்தான் இருக்கிறதாம். கதவை உடைத்தார்கள் அல்லவா ஐயா, அந்த நேரம் மூட்டம் உள்ளே போயிருக்கும்.