மாமியார் வீட்டு டிவியில் பிரியாணி

அம்பத்தூரில் ரயில் ஏறிய இருவரும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டியிருந்தார்கள். மீசைக்காரர் உட்கார்ந்ததும் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

“மச்சான், மத்தியானம் நான் துன்ன பிரியாணி என் மாமியார் ஊட்டு டிவில ஓடிக்கினு கீது.”

“புரட்டாசிலயா? எப்படிடா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“கொழந்த போட்டோவ பாக்கட்டும்னு என் கிளவுட் ஃபோல்டர அவங்க டிவில போட்டுக் குட்த்தேன். நாள் பூரா அதான் ஓடும். போன்ல இன்னா எடுத்தாலும் தானா ஏறிடுது.”

“அழிச்சிடேன்.”

“போன்ல அழிச்சிட்டேன், அங்க போவல. பாஸ்வேர்டு பொண்டாட்டிகிட்ட கீது. மாமியார் கோயில்லேர்ந்து வர்றதுக்குள்ள அது போவணும்டா!”

“அதுக்குத்தான் என்னுது மாதிரி கிளவுட் வாங்குன்னேன். எந்த ஃபோல்டர் ஏறணும்னு நாமளே சொல்லலாம். இங்க அழிச்சா அங்கயும் போய்டும். உன்னுதுல இன்னொரு கூத்து, பாக்குறவன் எவன் வேணா எத வேணா அழிக்கலாம். என்னுதுல ஓனர் மட்டுந்தான்.”

அண்ணனூர் நெருங்கும்போது மீசைக்காரரின் போன் அடித்தது. “மாமனாருடா” என்று முனகியவர் எழுந்து நின்றே பேசினார். “சரிங்க மாமா... சரிங்க மாமா.” வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னா சொன்னாரு?”

“அவரே டிவில அழிச்சிட்டாராம். உன் கிளவுட்ல இது நடக்குமா?”

“அதுக்கா இவ்ளோ நேரம் பேசுனாரு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“நாளைக்கு அவருக்கும் வேணுமாம். டிபன் கேரியர்ல கீழ பிரியாணி, மேல் அடுக்குல தயிர் சாதம் வெச்சு எட்தாரச் சொன்னாரு.”