பிளக்கில் பிடித்த கரி

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் பொன்னேரியைத் தாண்டியிருந்தது. எதிர் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“ஒரு கிழிஞ்ச பனியனால எங்கூட்டுக்காரம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்பா.”

“இன்னாண்ணா சொல்றே?”

“நம்ம பழைய காரு கீதுல்ல, போன மாசம் ஒரே பேஜாரு. குலுங்கிக் குலுங்கி நிக்குது. ஸ்பார்க் பிளக்கக் கழட்டினா முழுக்க கரி. புதுசு போட்டேன், அதுவும் கருப்பாயிடுச்சு. வண்டிய டியூன் பண்ணது நானு, பெரிய மெக்கானிக்கு. என் மேல தப்பு இருக்குமா? அவ அப்பதான் ஓட்டக் கத்துக்கினு இருந்தா. நீ ஆக்சிலேட்டர மிதிக்கிற லட்சணத்துலதான் பிளக்கு கெட்டுப்போவுதுன்னு கத்திட்டேன். சாவிய வெச்சவ, அப்புறம் தொடவே இல்ல.”

“அப்புறம்?”

“அவ ஓட்டாதப்பவும் கரி புடிச்சுது. ஏர் ஃபில்டரத் தொறந்து பார்த்தா, உள்ள என் பனியன். டியூன் பண்றப்ப அதால தொடச்சுட்டு அங்கயே வுட்டு மூடியிருக்கேன். காத்து போவ வழியில்ல, பெட்ரோல் மட்டும் போயி, சரியா எரியாம கரி புடிச்சிருக்கு.”

பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

“சிரி, சிரி. பனியன எடுத்துக்கினு போய்க் காட்டி, தப்பு என்துதான்னு சாவியக் குடுத்தேன்.”

“அண்ணி இன்னா சொன்னாங்க?”

“சாவிய வாங்கிக்கினு நேரா வண்டியாண்ட போனா. அன்னிலேர்ந்து அவதான் கார்ல வேலைக்குப் போறா. நான் உன்கூட டிரெய்ன்ல வரேன்.”