தினமும் முதல் நாள்

சனிக்கிழமை காலைகளில் ஜீலாங் நகர நூலகத்தில் குடும்பச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசுகிறேன். கூட்டம் நன்றாகவே வரும். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். செலவைக் குறைப்பதுதான் என் தொழிலும். வீட்டிலிருந்தே போனில் மற்றவர்களின் வரவு செலவைச் சரிசெய்து கொடுக்கிறேன். அதனால் அலட்சியமான தகப்பன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதிகாரி. நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை.

என் மனைவி லியான் மருத்துவமனையில் நர்ஸ். அவள் சம்பளம் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்விடும். அரசு மானியத்தை ஏற்றினால் கையோடு காப்பகம் கட்டணத்தை ஏற்றும். ஏன் என்றால் "தரம்" என்பார்கள். தரம் என்பது பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துவிட்டு மர டைனோசரை வைப்பது. புகார் அனுப்பினேன், எங்கள் எம்.பி.யை நேரில் பார்த்தேன். எல்லோரும் என் ஆதங்கத்துக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது.

வழியைக் காட்டியதும் ஒரு காப்பகம்தான். சேர்ப்பதற்கு முன், குழந்தை மிரளாமல் இருக்க, ஓரிரு முறை சும்மா கொண்டுவந்து விடச் சொல்வார்கள். பழக்க நாள் என்று பெயர். காசு கிடையாது, நறுக்கிய ஆப்பிளும் சீஸும் உண்டு. பிறகு "வேறு இடம் கிடைத்துவிட்டது" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் காப்பகங்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். லியானிடம், வீட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் மகள் ஹேசலுக்கு அப்போது இரண்டரை வயது. முதலில் அழுதாள். அழுதால் போன் செய்து என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். என் வாடிக்கையாளர் பாதிப் பேச்சில் நிற்பார். ஆகவே கற்றுக்கொடுத்தேன். யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெயரைக் கேட்க வேண்டும். அப்பா எங்கே என்று கேட்கக் கூடாது. அழாத நாளில் கேக். குழந்தைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன.

பெயர் விஷயம் பிறகு வந்தது. இரண்டு காப்பகங்களுக்கு ஒரே முதலாளி என்பதை நான் கவனிக்கவில்லை. மோரின் என்ற நிர்வாகி அங்கேயும் இருந்தாள், இங்கேயும் இருந்தாள்.

"இந்தக் குட்டிய நான் எங்கயோ பாத்திருக்கேனே. ஹேசல்தானடி நீ?"

"அவளுக்கு ரொம்பப் பொதுவான முகம்ங்க," என்றேன். பெற்ற தகப்பன் சொல்லக் கூடியதல்ல; ஆனால் வேலை செய்தது. அதன்பின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர். சேர்க்கைக்குத்தான் சான்றிதழ் கேட்பார்கள். பழக்க நாளுக்கு வாய்ச்சொல் போதும். காரிலேயே ஒத்திகை பார்ப்போம்.

"இன்னிக்கு நீ யாருடா செல்லம்?"

"என் பேரு டாட்டி."

"ஹேசல்னு யாராச்சும் கூப்பிட்டா?"

"நான் இல்ல."

"திரும்பிப் பாப்பியா?"

"மாட்டேன்."

எத்தனை பேர் வீட்டுக் குழந்தை இப்படிச் சொல்பேச்சு கேட்கும்?

லியானுக்குப் பெருமைதான். "அந்தப் பக்கத்து வீட்டு ஷரோன், உன்ன வாடகைக்கு விடுவேனான்னு கேக்குறா, ராஸ். வேலையும் பாத்து புள்ளையும் பாக்குற ஆம்பளைய அவ இப்பதான் பாக்குறாளாம்." பார்சல் கொண்டுவந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு ஹேசல் வேனில் ஏறி உட்கார்ந்த அன்று மட்டும் லியான் முகம் மாறியது. "அந்த ஆளு நல்லவரா இருந்ததால கொண்டாந்து விட்டாரு. இவளுக்குப் பயமே இல்லையா? எப்படி வந்துச்சு இது?" கூச்ச சுபாவம் போய்விட்டது என்றேன். தனியார் பயிற்சி வகுப்புகளில் அதற்குத் தனிக் கட்டணம் என்பதையும் சொன்னேன்.

இன்று காலை பக்கத்து ஊரான லாராவில் ஒரு காப்பகம். அங்கே அவள் ரூபி. முடிந்ததும் வணிக வளாகத்துக்கு அழைத்துப் போய்ச் சாப்பாட்டுக் கடைகளின் நடுவே உட்கார வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். கடன் அட்டையில் மூழ்கியவர், பாதியில் வைக்க முடியாது. பேசி முடித்துத் திரும்பினால் நாற்காலி காலி. ஒலிபெருக்கியில் "ஹேசல், ஹேசல்" என்று கூப்பிட்டார்கள். காலணிக் கடைப் பெண் சொன்னதை நீங்களே என்னிடம் காட்டினீர்கள்: "பாப்பா, உன்னத்தான் தேடுறாங்களான்னு கேட்டேன். நான் ரூபின்னு சிரிச்சா. பக்கத்துல ஒரு அம்மா கையப் பிடிச்சிருந்தாங்க. அவங்க புள்ளைன்னு விட்டுட்டேன்."

ஒலிபெருக்கியில் ரூபி என்று கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அது எனக்கு அங்கேயே தோன்றியது. லியான் அதற்குள் அழுதுகொண்டே வந்துவிட்டாள். ரூபி யார் என்று கேட்பாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். ஹேசல் தானாகவே திரும்பிவிடுவாள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வாசல்களை நீங்கள் மூடியபோது அந்தப் பெண்மணியின் கார் போய்விட்டிருந்தது.

குழந்தை கத்தியிருக்குமே, யாராவது கேட்டிருப்பார்களே என்று உங்கள் ஆட்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். அவர்களைத் திரும்ப அழையுங்கள், வீண் அலைச்சல். ஹேசல் கத்தியிருக்க மாட்டாள். பெயரைக் கேட்டிருப்பாள், சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பாள், அப்பா எங்கே என்று கேட்டிருக்க மாட்டாள். மூன்று வயதில் அப்படி ஒரு நடத்தை, அதிகாரி, அதைக் கற்றுக்கொடுக்க நான் யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை.