நாலு பேர் கனம்

சிறுமலைக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில், என் சீட்டை ஒட்டி நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் போட்டிக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் நோட்டு. இன்னொருத்தி கம்பியைப் பிடித்திருந்தாள். இருவர் பைகளும் என் மடியில். கேட்காமலே வைத்துவிட்டார்கள்.

“செல்வியை நிலாவுலயே விட்டுட்டு வந்துருவோம்டி,” என்றாள் நோட்டுக்காரி.

“ஏன்?”

“போனது அஞ்சு பேரு. திரும்பி வரையில ராக்கெட்டு நாலு பேரு கனம்தான் தாங்கும்.”

“இந்த பஸ்ஸு மட்டும் இம்புட்டுப் பேரைத் தாங்கும்னு எழுதியா இருக்கு?”

“இது பஸ்ஸு. அங்க கனம் கூடுனா கிளம்பாதுடி.”

கம்பிக்காரி ஒரு கொண்டை ஊசி வளைவு முழுக்க யோசித்தாள்.

“பெட்டி பெட்டியா நிலாக் கல்லு ஏத்துனாங்கள்ல, அதை இறக்கிட்டா?”

“அந்தக் கல்லுக்குத்தானே அம்புட்டுத் தூரம் போனாங்க.”

“செல்வி வீட்டுல போயி அந்தக் கல்லைக் குடுப்பியா?”

பஸ் வளைந்து நேரானதும் நோட்டுக்காரி பேனாவைத் திறந்து இரண்டு வரிகளை அடித்தாள்.

“சரி, எல்லாக் கல்லையும் இறக்கியாச்சு. அஞ்சு பேரும் வெறுங்கையோட வாராங்க.”

“ஒண்ணே ஒண்ணு செல்வி கைக்குள்ள இருக்கட்டும்டி,” என்றாள் கம்பிக்காரி. “யாருக்கும் தெரிய வேணாம்.”