முதலில் என்னைத்தான் கேட்பார்கள்

ஹெலிகாப்டரில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது சீக்கிரம் மந்தமாகிவிடும். ஆகையால் நான் கொஞ்சம் உரக்கப் பேசினால், கோபத்தில் பேசினாள் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் தளத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிஸ்டர் மாதிரிப் பொறுமைசாலி உண்டா என்பார்கள். இந்த விசாரணை அறையில் ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாயிருக்கும், அவ்வளவுதான் என் குறை.

நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதும் தெரியும். போன வாரம் எங்கள் கேப்டன் உங்கள் மேசையைத் தட்டியே சொல்லிவிட்டுப் போனாராமே, "அவங்க காரணம் சொல்ல வேண்டியதில்ல சார், அதுதான் எங்க விதி" என்று. நர்ஸ் சங்கத்துக்காரர்கள் வேறு எனக்காகக் கொடி பிடிக்கிறார்கள். நானாகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோப்பில் என்னைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை ஏறிவிட்டது. நான் பயந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்திவிட்டால் என் வேலை முடிந்தது.

பத்தொன்பது வருடமாகப் பறக்கிறேன். சின்ன ஊர் மருத்துவமனைகளில் கைவிரித்துவிட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது எங்கள் வேலை. கேட்க அழகாக இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் தெரியும். ஒரு பீரோவைப் படுக்கப்போட்டு அதற்குள் நோயாளியையும் டாக்டரையும் நர்ஸையும் அடைத்த மாதிரி இருக்கும். அந்த இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் வெறும் கழுத்து நகை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், நாடியை விரலால் தேட வேண்டும். இறங்கியதும் பெற்றவர்கள் டாக்டரின் கையைப் பிடித்து அழுவார்கள், கேப்டனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தை எடுத்துக் கொடுப்பது நான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன், டாக்டர், நர்ஸ், மூன்று பேரும் 'சரி' சொன்னால்தான் விசிறி சுற்றும். ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் வேண்டாம்தான். ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைக்கூட உற்றுப் பார்க்கக் கூடாது. வேறு குழுவைக் கூப்பிட்டு, நீங்களாவது போகிறீர்களா என்று பேரம் பேசவும் கூடாது. நான் சேருவதற்கு முன்னால் ஒரு நர்ஸ், "இன்னைக்குப் போக மனசே இல்ல" என்று வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு ஏறினாராம். மேகத்துக்குள் போன நாலு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

கேப்டனிடம் நோயாளி யார், என்ன நிலைமை என்று மூச்சுவிட மாட்டோம். பச்சைக் குழந்தை என்று கேட்டால் மனுஷன் இளகிப்போய்ப் புயலுக்குள்ளேயும் கிளப்பிவிடுவார். அவர் வானத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதோடு, கீழ்ப்படியில் இருப்பவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகு நர்ஸ் எங்கே மறுப்பது? ஆகவே முதலில் என்னைத்தான் கேட்பார்கள். சம்பளத்தில் கடைசி, பாராட்டில் கடைசி, கேள்வியில் மட்டும் முதல். 'வேண்டாம்' சொன்னவருக்கு மற்றவர்கள் டீ போட்டுக் கொடுப்பார்கள், எங்களுக்கு உன்மேல் வருத்தமில்லை என்று காட்டுவதற்காக. இதைவிட நாகரிகமான விதி உலகத்தில் எந்த அலுவலகத்திலும் இருக்காது.

இத்தனை வருடத்தில் நான்கு முறை 'வேண்டாம்' சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை மூடுபனி, ஒரு முறை எனக்கே காய்ச்சல், ஒரு முறை இயந்திரத்தில் ஏதோ வாடை. நீங்கள் கேட்பது ஐந்தாவது முறையை.

அதற்கு மலை டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்துச் சின்ன மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கிறவர். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவரிடமிருந்து இரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துவரப் போயிருந்தோம். மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த டியூபின் ஒட்டு நனைந்திருந்தது. ஒரு விரற்கடை நகர்ந்தால் பிள்ளை போய்விடும் என்று பிரித்து மறுபடி ஒட்டினேன். இருபது நிமிடம் ஆனது. பெற்றவர்கள், வார்டு ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பறக்கும் ஆயா, பொட்டலம் கட்டி முடிச்சாச்சா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன வார்த்தை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவர் மறந்திருப்பார். ஆனால் அந்த வார்த்தை எங்களோடேயே ஹெலிகாப்டரில் ஏறி வந்துவிட்டது. வார முடிவில் என் டீக் கோப்பையில் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டில் என் கணவர், "பறக்கும் ஆயா, சாப்பாடு எப்ப லேண்டிங்?" என்பார். என் பையன் நான் துடைப்பத்தின் மேல் உட்கார்ந்து பறப்பதாக ஒரு படம் வரைந்து பிரிட்ஜில் ஒட்டினான். தலைமை நர்ஸ் பதவிக்கு நேர்காணல் போனபோது குழுவில் ஒருவர் என் பெயரைப் படித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பதவி எனக்குக் கீழே படித்த ஒருத்திக்குப் போனது. அதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நான் பொறுமைசாலி என்று சொன்னேன் அல்லவா.

அன்று செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. போனை எடுத்தது நான்.

"சிஸ்டர், நாலு மாசப் பெண் குழந்தை. சளி கட்டி மூச்சுத் திணறல். இப்பதான் டியூப் போட்டேன். இங்க வென்டிலேட்டர் இல்ல, கையாலதான் மூச்சுப் பை அழுத்திட்டிருக்கோம். கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

முதல் வார்த்தையிலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என் குரல் தெரியவில்லை. தெரிய என்ன இருக்கிறது? எடை ஐந்து கிலோ எழுநூறு, டியூப் மூன்றரை அளவு, எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பயந்தவள் கையெழுத்தா அது?

கேப்டன் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எங்கள் சின்ன டாக்டர், வேலைக்கு வந்து ஆறு மாதமான பெண், விதிப்படி என் பக்கம் திரும்பி, "சிஸ்டர்?" என்றாள்.

"வேண்டாம்," என்றேன்.

குழந்தையைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரியும், கேப்டனுக்குத் தெரியாது. அவர் முன்னால் சொல்லவும் முடியாது, என்னைக் கேட்கவும் முடியாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், பாவம். நல்ல வளர்ப்பு. கேப்டன் டீக்குக் கெண்டியில் தண்ணீர் வைத்தார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் போனதும் மலை டாக்டர் திரும்பக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "என்ன காரணம்? இங்க வானம் சுத்தமா இருக்கே?"

"காரணம் கேக்கக் கூடாது டாக்டர்," என்றார் கட்டுப்பாட்டு அறைக்காரர்.

"சரி. நானே ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வர்றேன்."

அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஆகாயத்தில் முப்பத்தைந்து நிமிடம், மலைப்பாதையில் ஐந்து மணி நேரம், நாற்பது கொண்டை ஊசி வளைவு. டியூபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பையை அழுத்திக்கொண்டு அவர் உட்கார வேண்டும். பொட்டலம் ஏன் இருபது நிமிடம் கட்டுகிறோம் என்பது சிலருக்கு வாயால் சொன்னால் ஏறாது. பட்டால்தான் தெரியும். அவருக்குக் கற்றுக்கொடுக்க வேறு யாரும் முன்வரவில்லை, நான் வந்தேன். கேப்டன் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குடித்துவிட்டு மருந்துப் பெட்டியைச் சரிபார்த்தேன்.

இருபத்தாறாவது வளைவில் டியூப் நகர்ந்துவிட்டதாம். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி மறுபடி போடப் பார்த்திருக்கிறார். மூன்று மணி நேரம் அழுத்திய விரல்கள் மரத்துப்போய்ச் சொன்னபடி கேட்கவில்லை. குழந்தையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதற்கு இடைஞ்சல் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று அழக்கூட அழாமல் டார்ச் பிடித்தாளாம். அங்கேயே முடிந்தது. சின்ன டாக்டர்தான் வந்து சொன்னாள், சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அன்று வேலை நேரம் முடிந்ததும் வீடு போனேன். பையனின் சீருடையில் பொத்தான் அறுந்திருந்தது, தைத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஹெலிகாப்டரில் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று போன கேள்வியில் கேட்டீர்கள். பிழைத்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இருந்திருந்தால் போயிருப்பேன். எப்படியும் போகிற பிள்ளை என்றால் அவருக்கு அதில் என்ன பாடம்? ஐந்து கிலோ எழுநூறு எடையில் கையால் காற்று கொடுத்தபடி அந்தப் பாதையில் ஒரு பிள்ளையும் வந்து சேராது. புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு வருடா வருடம் நான்தான் இந்த வகுப்பு எடுக்கிறேன்.

அவரும் ஒன்றும் பழிவாங்குகிற ஆள் இல்லை. கடிதம் எழுதினார், அதுவும் எப்படி என்கிறீர்கள்? 'அந்தச் செவிலியர் பயந்திருக்கலாம். பயம் மனித இயல்பு. அவரைத் தண்டிக்க வேண்டாம், தரையில் வேறு வேலை கொடுங்கள்.' எவ்வளவு பெரிய மனசு, பார்த்தீர்களா? நான் யாரென்று இன்னமும் அவருக்குத் தெரியவில்லை. விஷயம் எந்த அளவுக்கு வீணாகிவிட்டது என்று நீங்களே யோசியுங்கள். குழந்தையும் போய், பாடமும் போய், பறக்கும் ஆயா பயந்தாங்கொள்ளியும் ஆகிவிட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தது. இயந்திரம் நன்றாக இருந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. யார் கூப்பிடுகிறார், எந்தப் பாதை, பிள்ளைக்கு என்ன ஆகும், எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். குழந்தைமேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, இதையும் சேர்த்து எழுதுங்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைமேல் கை ஓங்கியதில்லை.

நீங்கள் இப்போது அந்தத் தாயின் மனுவை என் பக்கம் நகர்த்துகிறீர்கள். படித்தேன். 'அந்த அக்காவும் ஒரு பிள்ளைக்குத் தாயாக இருப்பார், உயிருக்குப் பயந்திருப்பார், நான் அவரை மன்னித்துவிட்டேன், விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, அழுதுகொண்டே எழுதியிருப்பாள் போல. பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. யாரோ ஒரு கோழையினால் தன் பிள்ளை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எப்படி அவள் காலம் தள்ளுவாள்?

அவளிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள் ஐயா, நான் துளிக்கூடப் பயப்படவில்லை என்று. அது தெரிந்தால் பெற்ற வயிறு கொஞ்சம் ஆறும்.