ஆற்றங்கரைக்கு எவ்வளவு தருவீர்கள்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஷூ கம்பெனி அடையாள அட்டை இன்னும் இருவர் கழுத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் சொன்ன ஒன்றைக் கேட்டதும் நான் போனை அணைத்துவிட்டேன்.

"ஆத்தங்கரையில காலாற நடக்க எவ்ளோ தருவீங்கன்னு சர்வே எடுக்க வந்தவங்க கேட்டாங்கல்ல. நாம தப்பா சொல்லிட்டோம்டி."

"இன்னாக்கா தப்பு? ஒத்த பைசா தர மாட்டோம்னு தெருவே சொல்லுச்சே."

"நான்தான் வீடு வீடா போயி அப்டி சொல்ல வெச்சேன். ஒரு தொகைய சொன்னா நாளைக்கே கேட் போட்டு டிக்கெட் வாங்குவாங்கன்னு நெனச்சேன்."

"பார்க்குல அப்டித்தான பண்ணாங்க."

"இவங்க டிக்கெட்டுக்கு கேக்கலயாம். அந்த எடத்துக்கு ஜனங்க எவ்ளோ மதிப்பு வெச்சிருக்காங்கன்னு பாக்கத்தான் கேட்டாங்களாம். நம்ம கரைக்கு மதிப்பே இல்லன்னு எழுதிட்டு போய்ட்டாங்க. தோல் கழிவு கொட்ட அந்த எடமே போதும்னு ஆயிடுச்சி."

"நேத்திலேர்ந்து லாரி வருதே, அதுவா?"

"அதேதான்."



"வேல விட்டா நாம போயி ஒக்கார்றதுக்கு அது ஒண்ணுதான்க்கா இருக்கு. இப்ப போயி சொன்னா இன்னா?"

"அந்த சர்வே ஆபீசுக்கே போனேன்டி. மாசாமாசம் சம்பளத்துல இன்னா வேணா புடிச்சிக்குங்கன்னு கூட சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"கேள்வி கேக்குற வேல முடிஞ்சிடுச்சாம்."