பேச வேண்டாத வேலை

சிம்மக்கல் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில், வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்த இரண்டு மருத்துவ மாணவிகள்.

"நான் ரேடியாலஜிதான்டி எடுக்கப்போறேன். ஏசி ரூம். யாரோடயும் பேச வேணாம். பேஷண்டோட சொந்தக்காரன் எவனும் அடிக்க வரமாட்டான். ஸ்கேனைப் பார்த்தமா, ரிப்போர்ட்டை எழுதுனமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கலாம்."

"வீட்டுல சொல்லிட்டியா?"

"சொன்னேன். எல்லாரையும் விட எங்க பெரியம்மாவுக்குத்தான் அம்புட்டுச் சந்தோஷம். 'நம்ம வீட்டு மருமகளுகளுக்கு இனி நீதான் ஸ்கேன் பார்க்கணும். என்ன புள்ளைன்னு சொன்னா ஜெயிலுன்னு எனக்கும் தெரியும்த்தா. நீ வாயவே தொறக்காத. ஆம்பளப் புள்ளைன்னா லேசாச் சிரி, போதும்'னுச்சு."

"சரிடி, பொம்பளப் புள்ளைன்னா?"

"அதையும் கேட்டேன். 'நீ பொறந்தப்ப நாங்க இருந்த மாதிரி உம்முன்னு இரு'ன்னுச்சு."